முதலில் செத்தது பேட்டரி

கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு 'சோலார் ஜெனரேட்டர்' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே ஜெனரேட்டர் எதுவும் கிடையாது. ஒரு பேட்டரி, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவுதான். வாங்கப் போகிறவர்கள் பலரும் பேனல் எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேட்டரியைப் பற்றித்தான் முதலில் கேட்கணும் என்பது என் கட்சி. சோலாரின் வரலாறே இதற்குச் சாட்சி.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சாப்பினுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஈரப்பதம் அதிகமான தொலைதூர இடங்களில் டெலிபோன் கருவிகளுக்கு வைத்த பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. அதற்கு மாற்று தேட வேண்டும். செலினியத்தில் முயன்றார், தேறவில்லை. பிறகு கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சனோடு சேர்ந்து சிலிக்கானுக்கு வந்தார். 1954 ஏப்ரல் 25 அன்று அந்த சோலார் செல்லைப் பொதுவில் காட்டினார்கள். திறன் சுமார் 6 சதவீதம். ஆக, பேட்டரியின் தொல்லையில் பிறந்ததுதான் இது.

1958 மார்ச்சில் வேன்கார்ட் 1 செயற்கைக்கோள் போனது. எடை ஒன்றரைக் கிலோதான். அதில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள்: ஒன்று பேட்டரியில், இன்னொன்று சோலார் செல்லில். பேட்டரியில் ஓடியது அந்த ஜூனிலேயே நின்றுபோனது. சோலார் டிரான்ஸ்மிட்டர் 1964 வரை பேசிக்கொண்டிருந்தது!

1970களில் எலியட் பெர்மன் வாட்டுக்கு 100 டாலர் அளவில் இருந்த விலையை 20 டாலர் அளவுக்கு இறக்கினார். கடலில் இருந்த எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கு அவை போயின. பேனல் மலிவானது, ஆனால் தூக்கிச் செல்லும்படியான பேட்டரி வரவில்லை. 1991இல் லித்தியம் அயான் பேட்டரி சந்தைக்கு வந்தது. 1997இல் ஜான் குடினஃபின் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றி எழுதியது. இன்றைய நல்ல பெட்டிகளில் இருப்பது இந்த வகைதான். எடை கொஞ்சம் கூடுதல். ஆனால் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம், சூட்டையும் ஓரளவு தாங்கும்.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். ஓர் இரவுக்கு இரண்டு போன் 30, விளக்கு 25, லேப்டாப் 60, 15 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் 120. மொத்தம் 235 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் சுமார் 280. மறுநாள் மேகம் மூடலாம், அதனால் 500 வாட்-மணிப் பெட்டி எடுப்பது நல்லது. 100 வாட் பேனல் நடைமுறையில் 70 தந்தாலே அதிகம். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் 350 வாட்-மணி. போதும்.

1500 வாட் கெட்டில் மட்டும் வேண்டாம். பத்து நிமிடத்தில் 250 வாட்-மணியைக் குடித்துவிடும். அந்த அளவு பெட்டியின் இன்வெர்ட்டர் பெரும்பாலும் அதைத் தாங்கவும் செய்யாது. டீக்கு கேஸ் அடுப்பே மேல்.

பேட்டரியின் வகை, பிறகு வாட்-மணி, பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் பேனல். இந்த வரிசையில் கடைக்காரரிடம் கேளுங்கள். பேனலைப் பின்னால்கூட மாற்றிக்கொள்ளலாம், பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.