கல் எறிந்த கை யாருடையது?

மனிதன் கையிலெடுத்த முதற் கருவி கல். முதல் ஆயுதமும் கல்லே. ஆயினும், தண்டனைக் கருவியாகும்போது கல்லுக்கு வேறெந்த ஆயுதத்துக்கும் இல்லாத ஓரியல்பு உண்டு. வாளால் வெட்டியவனுக்குப் பெயருண்டு. தூக்குக் கயிற்றைக் கழுத்திலிட்டவனுக்கும் பெயருண்டு. நூறு பேர் கல்லெறிந்து ஒருவர் இறந்தால், உயிரைப் போக்கிய கல் எவருடையது என்பதை எவராலும் கூறவியலாது. கொலையில் எல்லாருக்கும் பங்குண்டு. பொறுப்போ எவருக்கும் இல்லை. சமயத்திலும் இலக்கியத்திலும் சட்டத்திலும் கல்லெறியின் வரலாற்றை நோக்கும்போது நாம் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே. கண்டி நகரின் வரலாறு இவ்வுண்மையை நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது.

பண்டை யூதர் சட்டம் இவ்விடரை அறிந்தே இருந்தது. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவரையும் கொல்லலாகாது என்றும், சாட்சி சொன்னவர்களே முதற் கல்லை எறிதல் வேண்டும் என்றும், அதன் பின்னரே ஏனையோர் எறியலாம் என்றும் உபாகமம் விதிக்கின்றது. கூட்டத்தின் நடுவே பொறுப்பு மறைந்துபோகாதவாறு, அதனைச் சிலரது கையிலேனும் நிறுத்த முயன்ற விதி அது. யோவான் எழுதிய நற்செய்தியில், கல்லுடன் நின்றோரிடம் இயேசுநாதர் அதே முதற் கல்லைப் பற்றியே கேட்டார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. கூட்டமாக நின்றவர்கள் தனித்தனி மனிதர்களாக மாறியதே அங்கு நிகழ்ந்த அற்புதம். இஸ்லாத்தில், திருக்குர்ஆனின் இருபத்துநான்காம் அத்தியாயம் முறைதவறிய உறவுக்கு நூறு கசையடியையே கூறுகின்றது. கல்லெறிதல் ஹதீஸ் மரபினை ஆதாரமாகக் கொண்டது. அதற்கும் நேரிற் கண்ட நால்வர் சாட்சியம் வேண்டும் எனச் சட்ட அறிஞர்கள் வரையறுத்தனர்.

வழிபாட்டிலும் கல்லுக்கு இடமுண்டு. ஹஜ் கடமையின்போது மினாவில் யாத்திரிகர் எறியும் சிறு கற்கள் தூண்களையே சென்றடைகின்றன. தீமைக்கு அடையாளமாகக் கல்லாலான ஒன்று நிற்கின்றது. பெரிய புராணம் கூறும் சாக்கிய நாயனார், பௌத்தத் துறவியின் கோலத்தை நீக்காமலே சிவலிங்கத்தின்மீது நாள்தோறும் கல்லெறிந்தார். அதுவே மலராக ஏற்கப்பட்டது. எறிவோனின் உள்ளமே கல்லின் பொருளைத் தீர்மானிக்கின்றது என்பது அக்கதையின் கருத்து. சிங்களக் கிராமங்களில் பத்தினித் தெய்வத்துக்காக நடைபெற்ற ‘போர பொல்’ என்னும் சடங்கில் இரு கட்சியார் தேங்காயைத் தேங்காயால் மோதி உடைத்தனர். இவற்றிலெல்லாம் எறியும் வேகம் மனிதர்மீது செல்லாது, தூணுக்கும் இலிங்கத்துக்கும் தேங்காய்க்கும் திருப்பப்பட்டமையை நாம் காண்கின்றோம்.

அப்பத்தினி யார்? நமது கண்ணகியே அவள். தீர விசாரியாமல் கணவனைக் கொன்ற அரசனிடம் நீதி கேட்டவள். கண்டி மாநகரின் நான்கு தேவாலயங்களுள் ஒன்று அவளுக்குரியது. ஆண்டுதோறும் எசல பெரஹராவில் தலதா மாளிகை, நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களுக்குப் பின் இறுதியாக வருவது பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமாகும். விசாரணையின்றி வழங்கப்பட்ட தண்டனைக்கு எதிராக எழுந்த குரலையே இந்நகரம் தெய்வமாக வணங்குகின்றது. ஆனால், அந்நகரின் வரலாறு அக்குரலுக்குச் செவிசாய்த்ததா?

1814ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் பக்கம் சென்றுவிட்ட எகலப்பொல அதிகாரின் குடும்பத்தை மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தண்டித்தான். தவறிழைத்ததாகக் கருதப்பட்டவன் கொழும்பில் இருந்தான். இறந்தவர்கள் அவனுடைய மனைவியும் பிள்ளைகளும். பிள்ளைகளின் தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாயே பணிக்கப்பட்டாள் என்றும், பின்னர் அவள் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள் என்றும் மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியான தமது நூலில் எழுதினார். அதன் பின் இரண்டு நாள் கண்டி நகரில் அடுப்பு எரியவில்லை என்பதும் அவர் தரும் செய்தியே. டேவி வென்றவர்களின் பணியாளர். மன்னனின் கொடுமையைப் பெரிதாகக் காட்டுவதில் அவர்களுக்கு நயம் இருந்தது. இதனை மறவாமலே அவர் நூலைப் படித்தல் வேண்டும். எனினும், கொடுமையில் கைகோக்க மறுத்து ஒரு நகரம் அடுப்பை அணைத்ததெனின், கூட்டம் எப்போதும் கல்லுடன்தான் நிற்கும் என்பது பொய்யாகின்றது.

1815 மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம் உடல் வதையையும் உறுப்புச் சிதைப்பையும் ஒழித்தது. தேசாதிபதியின் எழுத்தாணையின்றி மரண தண்டனை நிறைவேற்றலாகாது என்றும் விதித்தது. காகிதத்தில் இது முன்னேற்றமே. ஆனால் 1817-18 கிளர்ச்சியின்போது அதே ஆட்சி ஊவாவின் ஊர்களையும் விளைநிலங்களையும் எரித்தது. தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவரது மண்டையோடு கடல்கடந்து சென்று 1954இலேயே நாடு திரும்பியது. எகலப்பொலவின் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் வடித்த ஆட்சி, ஊவா உழவனின் பிள்ளைகளைப் பட்டினியில் தள்ளத் தயங்கவில்லை. ஒருவனின் செயலுக்கு ஒரு குடும்பத்தைத் தண்டித்தான் மன்னன். சிலரது கிளர்ச்சிக்கு ஒரு மாகாணத்தையே தண்டித்தது பேரரசு.

இந்த நியாயத்தைக் கூட்டமும் தனதாக்கிக்கொண்டது. கம்பளையில் வலஹாகொட தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கையில் மேளம் முழங்கலாமா என்ற வழக்கில், 1814இன் நிகழ்வுக்குச் சரியாக நூறாண்டுகளின் பின், கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு மே 28ஆம் நாள் வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்கும் பரவியது. போர்க்கால விலையேற்றமும் வணிகப் போட்டியும் அதற்குப் பின்புலமாயிருந்தமையைக் குமாரி ஜயவர்தன போன்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். விலையை உயர்த்திய போர் தொலைவில் இருந்தது. கல்லெறி தூரத்தில் இருந்தது சோனகரின் கடை. 1977இலும் 1983இலும் அதே மலைநாட்டில் தமிழரின் வீடுகளும் தோட்டத் தொழிலாளரின் லயன்களும் தாக்குதலுக்கு இலக்காயின.

2018ஆம் ஆண்டில் தெல்தெனியவில் சிலர் தாக்கியதால் ஒரு லொறிச் சாரதி உயிரிழந்தார். சந்தேக நபர்கள் கைதாகியிருந்தனர். சட்டம் தன் வழியிற் சென்றுகொண்டிருந்தது. ஆயினும் மார்ச் முதல் வாரத்தில் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் கல்லெறிக்கும் தீக்கும் இரையாயின. எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞன் மாண்டான். மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அந்த இளைஞன் செய்த குற்றம் என்ன? அவனிடம் எவரும் கேட்கவில்லை.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2015இல், சவூதி அரேபியாவில் வீட்டுப் பணிபுரிந்த இலங்கைப் பெண் ஒருவருக்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இலங்கையருக்குக் கிடைத்தது நூறு கசையடி. பின்னர் அப்பெண்ணின் தண்டனை மூன்றாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அந்நாளில் நம் நாட்டவர் அத்தண்டனையைக் கண்டு பதைத்தனர்; பதைத்தது நியாயமே. வறுமையால் கடல்கடந்த பெண்ணுக்கு அயல் மொழியில் நடந்த விசாரணை எத்தகையதாயிருந்திருக்கும் என்று நாமும் வினவுகின்றோம். ஆனால், பாலைவனத்துக் கல்லைக் காட்டுமிராண்டித்தனம் என்று கூறுகின்ற வாய், திகனையில் எறியப்பட்ட கல்லை மக்களின் ஆத்திரம் என்று கூறுமாயின், அது நேர்மையாகாது. அங்கே பெயரளவிலேனும் ஒரு வழக்கு இருந்தது; இங்கே அதுவும் இல்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடத்தில் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. வகுப்பறையில் 1814ஐக் கற்பிக்கும்போது, கொடிய மன்னன், அஞ்சாத சிறுவன் என்ற அளவில் நின்றுவிடாது, குற்றம் செய்தவர் யார், தண்டனை பெற்றவர் யார் என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். அதே வினாவை 1818க்கும் 1915க்கும் 1983க்கும் 2018க்கும் எழுப்புதல் வேண்டும். எறிந்தவர் யார், கல்லைச் சேகரித்துக் கொடுத்தவர் யார், எரிந்த கடையால் இலாபமடைந்தவர் யார் எனப் பெயர் பெயராகக் கேட்கப் பழகிய மாணவன் கூட்டத்துள் எளிதில் கரைந்துவிடமாட்டான். பாண்டியன் அவையில் கண்ணகி வேண்டியதும் இத்தகைய விசாரணையைத்தான். அவளுக்குத் தேவாலயம் எடுத்த நகரத்தில் அவ்விசாரணை இன்னும் முடிவடையவில்லை.