சம்பளப் பட்டியலில் பிறந்த டிராம்கள்: பிரான்ஸின் பொதுப் போக்குவரத்து நிதி வரலாறு

பாரிஸில் பதினொருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் எந்த நிறுவனமும், தான் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் 3.2 விழுக்காட்டைப் பொதுப் போக்குவரத்துக்கென்று தனியே கட்டவேண்டும். வங்கியானாலும் மருத்துவமனையானாலும் பேரங்காடியானாலும் விதி ஒன்றுதான். அதன் ஊழியர்கள் மெட்ரோவில் வருகிறார்களா, காரில் வருகிறார்களா, நடந்தே வருகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. நகரில் ஆட்களை வேலைக்கு வைத்திருப்பதே வரி கட்டப் போதுமான காரணம்.

1971-ல் ‘வெர்ஸ்மான் ட்ரான்ஸ்போர்’ என்ற பெயரில் வந்த இந்தப் போக்குவரத்து வரி, இன்று நாடு முழுவதும் ஆண்டுக்கு 1,000 கோடி யூரோவுக்கு மேல் ஈட்டுகிறது. தலைநகரப் பகுதியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஓடும் செலவில் ஏறக்குறைய பாதி இதிலிருந்தே வருகிறது. உலகின் பெரும்பாலான நகரங்கள் பயணியின் சட்டைப்பையையும் அரசின் கருவூலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரான்ஸ் மூன்றாவதாக ஒருவரைக் கண்டுபிடித்தது: முதலாளி. அந்த நாட்டின் பொதுப் போக்குவரத்து எங்கே செழித்தது, எங்கே வாடியது என்பதற்கான விடை பெருமளவு இந்த முடிவிலேயே இருக்கிறது.

பயணச்சீட்டே படியளந்த காலம்

பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம் 1900 ஜூலை 19 அன்று திறக்கப்பட்டது. சுரங்கங்களையும் மேம்பாலங்களையும் நகராட்சி தன் செலவில் கட்டியது. தண்டவாளம், மின்சாரம், பெட்டிகள், ஓட்டுநர்கள் எல்லாம் உரிமம் பெற்ற தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாம் வகுப்புச் சீட்டின் விலை 15 சென்டிம்; முதல் வகுப்பு 25. விற்கும் ஒவ்வொரு இரண்டாம் வகுப்புச் சீட்டிலிருந்தும் 5 சென்டிமும், முதல் வகுப்புச் சீட்டிலிருந்து 10 சென்டிமும் நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தன. சுரங்கம் தோண்ட வாங்கிய கடனை அந்தக் காசு அடைத்தது. அதாவது, பயணி கொடுத்த சில்லறையிலேயே வண்டியும் ஓடியது, சுரங்கத்துக்கான கடனும் தீர்ந்தது.

அந்தக் கணக்கு முதல் உலகப் போரின் பணவீக்கத்தில் தடுமாறியது. நிலக்கரி, இரும்பு, கூலி எல்லாம் ஏறின. சீட்டின் விலை மட்டும் அதே வேகத்தில் ஏறவில்லை. ஏறவிட எந்த அரசும் துணியவில்லை. தினமும் லட்சக்கணக்கானவர்கள் கையிலிருந்து கொடுக்கும் காசு அது. அதில் கை வைப்பது அரிசி விலையில் கை வைப்பது போன்றது. பற்றாக்குறை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தனியார் ஏற்பாடே முடிவுக்கு வந்தது. 1948 மார்ச் 21-ன் சட்டம் மெட்ரோவையும் பேருந்துகளையும் ஒரே பொது நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. அதுதான் இன்றும் இயங்கும் ஆர்.ஏ.டி.பி. சீட்டு வருமானத்துக்கும் செலவுக்கும் இடையில் விழும் பள்ளத்தை 70 விழுக்காடு மத்திய அரசும், 30 விழுக்காடு உள்ளாட்சிகளும் நிரப்பின.

பள்ளம் நிரம்பியது, ஆனால் புதிதாக எதையும் கட்டப் பணம் மிஞ்சவில்லை. அப்போது பாரிஸைச் சுற்றிய புறநகர்கள் ஊதிக்கொண்டிருந்தன. 1965-ல் போல் தெலூவ்ரியேயின் தலைமையில் உருவான பெருந்திட்டம், தலைநகரைச் சுற்றிப் புதிய நகரங்களையும் அவற்றை இணைக்கும் அதிவேகப் புறநகர் ரயில்களையும் வரைந்தது. 1969-ல் ‘ஆர்.இ.ஆர்.’ எனப்பட்ட அந்தப் புறநகர் ரயிலின் முதல் துண்டு கிழக்குப் புறநகரில் ஓடத் தொடங்கியது. மையப் பகுதியின் ஆழமான சுரங்கம் இன்னும் பாக்கி. அதற்கு யார் பணம் தருவது?

மூன்றாவது ஆள்

முதலில் நாடியது பயணியைத்தான். 1960-களின் இறுதியில் கட்டணம் சட்டென்று ஏறியது. 1970-ல் அடுத்த உயர்வு வந்தபோது பயணிகள் குழுக்களும் தொழிற்சங்கங்களும் தெருவுக்கு வந்தன. அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. காலையில் ரயில் ஓடாவிட்டால் நட்டம் தொழிலாளிக்கு மட்டுமா? ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து வேலையாட்களைப் பொறுக்கி எடுக்கும் வசதியை நிறுவனத்துக்குக் கொடுப்பதே அந்த ரயில்தான். அந்த வசதிக்கு நிறுவனம் ஏன் விலை கொடுக்கக் கூடாது?

இந்த எண்ணத்துக்கு முன்னோடி இருந்தது. பாரிஸ் வட்டார ஊழியர்களுக்கு 1948 முதலே முதலாளிகள் மாதந்தோறும் சிறு போக்குவரத்துப் படி கொடுத்துவந்தார்கள். அந்தப் படி ஊழியரின் கைக்குப் போனது, ரயிலுக்குப் போகவில்லை. பொம்பிதூ அதிபராகவும் ஷபான்-தெல்மாஸ் பிரதமராகவும் இருந்த வலதுசாரி அரசு 1971 ஜூலை 12 அன்று நிறைவேற்றிய சட்டம் நேரடியாகப் போக்குவரத்துக்கே பணத்தைத் திருப்பியது. பாரிஸிலும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று மாவட்டங்களிலும் ஒன்பது பேருக்கு மேல் வேலை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டுக் கணக்கில் செலுத்தவேண்டும் என்றது. தொழிலாளர்களுக்கான சலுகைச் சீட்டின் இழப்பை ஈடுகட்டவும், புதிய தடங்களைக் கட்டவும் அந்தப் பணம்.

வசூலிக்கும் முறையில்தான் சட்டத்தின் சாமர்த்தியம். புதிதாக ஒரு வரித்துறை எழவில்லை. ஊழியர் காப்பீட்டுச் சந்தாவை ஏற்கெனவே வசூலித்துக்கொண்டிருந்த உர்சாஃப் அலுவலகங்களே, அதே படிவத்தோடு இதையும் வாங்கிக்கொண்டன. அரசு அலுவலகங்களுக்கும் பொது மருத்துவமனைகளுக்கும் விலக்கு இல்லை. தன் ஊழியர்கள் அனைவரையும் சொந்த வண்டியில் அழைத்துவரும் நிறுவனமும், வேலையிடத்திலேயே தங்கவைக்கும் நிறுவனமும் கட்டியதைத் திரும்பப் பெறலாம். தேர்தல் ஆண்டிலும் பட்ஜெட் நெருக்கடியிலும் ஏறக்குறைய ஒரே சீராக வரும் பணம் என்பதால், அதைக் காட்டிக் கடன் வாங்க முடிந்தது.

அதன் பலனைப் பயணிகள் 1975 ஜூலை 1 அன்று கையில் பிடித்தார்கள். அதுவரை புறநகர்க்காரர் பேருந்துக்கு ஒரு சீட்டு, ரயிலுக்கு ஒன்று, மெட்ரோவுக்கு இன்னொன்று என்று வாங்கிக்கொண்டிருந்தார். அன்று வந்த ‘கார்த் ஒரான்ஷ்’ என்ற மாதச் சீட்டு மூன்றையும் ஒன்றாக்கியது. வண்டி மாறினால் செலவு கூடும் என்ற பயம் போனது. இரண்டு ஆண்டுகளில், 1977 டிசம்பரில், ஷாத்லே நிலையத்தில் புறநகர் ரயில்கள் நகரின் நடுவில் சந்தித்தன.

டிராம் திரும்பி வந்த கதை

வரியின் மிகப் பெரிய விளைவு தலைநகருக்கு வெளியே நிகழ்ந்தது. 1973-ல் 3 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத் தொகுதிகளுக்கும் இந்த வரியை விதிக்கும் உரிமை கிடைத்தது. 1974-ல் அந்த எல்லை 1 லட்சமானது. 1982-ல் 30,000, 1992-ல் 20,000, நூற்றாண்டின் முடிவில் 10,000. தலைநகருக்கு இது கட்டாயம். மற்ற நகரங்களில் விதிப்பதா, எவ்வளவு விதிப்பது என்பதை, சட்டம் வகுத்த உச்சவரம்புக்குள், உள்ளூர் மன்றமே முடிவு செய்தது.

அந்த உச்சவரம்பில் ஒரு தூண்டுதல் இருந்தது. வெறும் பேருந்து ஓட்டும் நகரம் குறைந்த விகிதத்தோடு நிற்கவேண்டும். மெட்ரோவோ டிராமோ தனித்தட வண்டியோ கட்ட முடிவெடுத்த நகரம் அதைவிடக் கூடுதலாக வசூலிக்கலாம். இன்று 1 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள தொகுதியில் அடிப்படை வரம்பு 1 விழுக்காடு. தனித்தடம் கட்டினால் 1.75. திட்டத்தைத் தீட்டிக் காட்டினால் பணம் கிடைக்கும் என்ற இந்த விதிதான் மேயர்களின் மேசையில் டிராம் வரைபடங்களைக் கொண்டுவந்து விரித்தது.

1950-களிலும் 60-களிலும் பிரெஞ்சு நகரங்கள் டிராம் தண்டவாளங்களைப் பெயர்த்து எறிந்துவிட்டன. லில், மார்செய், சேன்-தெத்தியேன் ஆகிய மூன்று ஊர்களில் மட்டும் பழைய டிராமின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975-ல் போக்குவரத்துத் துறை இணையமைச்சர் மர்செல் கவய்யே எட்டு நகரங்களுக்குக் கடிதம் எழுதி, டிராமைப் பற்றி யோசிக்கச் சொன்னார். முதலில் கட்டி முடித்த நகரமோ அந்த எட்டில் இல்லாத நாந்த். மேயர் அலேன் ஷெனார் பிடிவாதமாக வேலையைத் தொடங்கினார்; 1983 தேர்தலில் தோற்றார். டிராமை எதிர்த்து வென்ற புதிய மேயருக்கு, பாதி வழி வந்துவிட்ட வேலையை நிறுத்த முடியவில்லை. 1985 ஜனவரியில் வண்டி ஓடியது.

கிரெனோபிள் நகரம் 1983-ல் வாக்கெடுப்பு நடத்தியது. 53 விழுக்காட்டினர் டிராம் வேண்டும் என்றார்கள். 1987-ல் ஓடத் தொடங்கிய அதன் பெட்டிகள், மாற்றுத்திறனாளி அமைப்புகளின் வலியுறுத்தலால் சக்கர நாற்காலியோடு ஏறத்தக்க தாழ்தளம் கொண்டவையாக அமைந்தன. ஸ்திராஸ்பூரில் 1989 தேர்தலே டிராமா, தானியங்கி மெட்ரோவா என்ற கேள்வியைச் சுற்றி நடந்தது. டிராமை முன்வைத்த கத்ரீன் த்ரோட்மான் வென்றார். 1994-ல் அது திறக்கப்பட்டபோது நகர மையத்தின் கார் போக்குவரத்தும் மாற்றி அமைக்கப்பட்டது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு நகரங்களில் டிராம் ஓடுகிறது. முதலாளிகளின் வரி இல்லாமல் நடுத்தர நகரங்கள் இந்த அளவுக்குத் துணிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பயணியின் பங்கு சுருங்கியபோது

1982-ல் முதலாளியின் மேல் இரண்டாவது கடமையும் ஏறியது. தலைநகர வட்டாரத்தில் ஊழியர் வாங்கும் மாதச் சீட்டின் விலையில் பாதியை அவர் திருப்பித் தரவேண்டும். 2009 முதல் இது நாடு முழுவதுக்கும் பொருந்தியது. ஆகவே பாரிஸ் முதலாளி ஒரு கையால் வரியையும், மறு கையால் பாதிச் சீட்டையும் கொடுக்கிறார்.

பயணியின் பங்கு இப்படிச் சுருங்கச் சுருங்க, சில ஊர்கள் அதையும் விட்டுவிட முடிவு செய்தன. கோம்பியேன் 1975-லேயே நகரப் பேருந்துகளை இலவசமாக்கியது. 2009-ல் ஓபாஞ், வரி விகிதத்தை உயர்த்தி அதே வழியில் சென்றது. டன்கிர்க்கின் கணக்கு தெளிவானது: அங்கே சீட்டு வருமானம் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பெரிய விளையாட்டரங்கம் ஒன்றைக் கட்டும் திட்டத்தைக் கைவிட்ட மேயர் பத்ரீஸ் வெர்க்ரியேத், 2018 செப்டம்பர் 1 முதல் எல்லாருக்கும் இலவசம் என்றார். 2023 டிசம்பரில் மொம்பெலியே தன் பெருநகரப் பகுதி மக்களுக்கு டிராமையும் பேருந்தையும் இலவசமாக்கியது.

பாரிஸுக்கு அது கைகூடாத கணக்கு. அங்கே சீட்டு வருமானத்தைக் கைவிட்டால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான யூரோவை வேறெங்கோ தேடவேண்டும். 2015-ல் மண்டல வேறுபாட்டை நீக்கி, மாதம் 70 யூரோவுக்கு வட்டாரம் முழுக்கப் பயணிக்கலாம் என்று அறிவித்ததே பெரிய சலுகை. அதன் செலவிலும் ஒரு பெரும்பங்கை வரி உயர்வுதான் தாங்கியது.

சம்பளம் நின்றால்

சம்பளத்தை நம்பிய ஏற்பாட்டின் பலவீனம் 2020-ல் வெளிப்பட்டது. பெருந்தொற்றில் நிறுவனங்கள் மூடின. ஊழியர்களுக்கு அரசு தந்த பகுதிநேர வேலையின்மைத் தொகைக்கு இந்த வரி இல்லை. ரயில்கள் ஓடின, பயணிகளும் இல்லை, வரியும் இல்லை. இரண்டு ஊற்றுகளும் ஒரே நேரத்தில் வற்றியதால், தலைநகரப் போக்குவரத்து ஆணையம் அந்த ஜூலையில் ரயில் நிறுவனங்களுக்கான பணத்தையே நிறுத்தியது. பிறகு மத்திய அரசு இறங்கிவந்து, இழப்பீடும் திருப்பிச் செலுத்தவேண்டிய முன்பணமும் தந்தது.

அடுத்த சுமை முன்பே கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 200 கிலோமீட்டர் புதிய மெட்ரோவான ‘கிராண்ட் பாரிஸ் எக்ஸ்பிரஸ்’ திட்டத்தின் மதிப்பீடு 3,500 கோடி யூரோவைத் தாண்டியது. அதைக் கட்ட அலுவலகக் கட்டடங்களின் மேல் தனி வரியும், நிலம்-வீட்டு வரிகளோடு சேர்த்து வசூலிக்கும் சிறப்பு வரியும், நீண்டகாலக் கடனும் உண்டு. கட்டிய பின் ஓட்டும் செலவு வட்டாரத்தைச் சேரும். 2023-ல் மத்திய அரசும் வட்டாரமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2024-ல் பாரிஸின் வரி 2.95-லிருந்து 3.2 விழுக்காடானது. மாதச் சீட்டு 84.10 யூரோவிலிருந்து 86.40 ஆனது. விடுதிகளில் தங்குவோரிடம் கூடுதல் வரி வந்தது. சுற்றுலாப் பயணியும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டார்.

சம்பளப் பட்டியல் இல்லாத ஊர்கள்

பாரிஸின் நெருக்கடியைவிடக் கவலைக்குரியது கிராமங்களின் நிலை. பெரிய நிறுவனங்கள் இல்லாத ஊரில் வசூலிக்க ஒன்றும் இல்லை. வசூல் இல்லாததால் பேருந்து இல்லை; பேருந்து இல்லாததால் நிறுவனங்களும் வருவதில்லை. வட்டார ரயில்களைப் பிராந்திய அரசுகள் தம் பொது நிதியிலிருந்தே ஓட்டிவந்தன. காரை மட்டுமே நம்பி வாழும் இந்த மக்கள்மேல் எரிபொருள் வரி ஏறியபோது, 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்தது. நகரத்தான் மானியச் சீட்டில் போகிறான், நாங்கள் மட்டும் டீசலுக்கு வரி கட்டுகிறோம் என்ற அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

2019 டிசம்பரில் வந்த போக்குவரத்துச் சட்டம் வரியின் பெயரை ‘வெர்ஸ்மான் மொபிலித்தே’ என்று மாற்றி, கார் பகிர்வு, மிதிவண்டி போன்றவற்றுக்கும் செலவிட வழி செய்தது. ஆனால் குறித்த நேரத்தில் ஓடும் பேருந்துச் சேவை இருந்தால்தான் வரி விதிக்கலாம் என்ற நிபந்தனை நீடித்தது. இல்லாத ஊரின் சிக்கல் அப்படியே நின்றது. 2025 பிப்ரவரியின் நிதிச் சட்டம்தான், தலைநகருக்கு வெளியே உள்ள பிராந்தியங்களும் சம்பளத்தில் 0.15 விழுக்காடு வரை வசூலிக்கலாம் என்று முதல்முறையாக அனுமதித்தது. சில பிராந்தியங்கள் முன்வந்தன. சில, உள்ளூர்த் தொழில்களுக்குச் சுமை என்று மறுத்தன.

பாரிஸ் கட்டும் விகிதத்தில் 0.15 என்பது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. முதலாளிகளின் முறையீட்டையும் ஒதுக்கிவிட முடியாது: போக்குவரத்தால் பயன்பெறுவோர் அவர்கள் மட்டும் அல்லர். புதிய நிலையம் வந்ததும் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி உரிமையாளரிடமே தங்குகிறது. கிராண்ட் பாரிஸுக்காக அலுவலகக் கட்டடங்கள்மேல் வந்த வரி, அந்தப் பக்கம் திரும்பிய முதல் அடிகளில் ஒன்று. பயன்பெறுபவரே செலவில் பங்கேற்கவேண்டும் என்ற 1971-ன் நியாயத்தை நில உரிமையாளர் வரை நீட்டவேண்டும். அப்படித் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை, வரி விதிக்க நிறுவனங்களே இல்லாத ஊர்களின் பேருந்துக்கும் ரயிலுக்கும் அனுப்பவேண்டும். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் முன் நிற்கும் அடுத்த வேலை இதுதான்.