துரைசாமியின் பெயரால் எழுந்த மக்கள்

கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் நிற்கும் கெப்பெட்டிபொல திசாவையின் நினைவுச் சின்னத்தை, மாளிகைக்குச் செல்வோர் பலரும் கடந்தே போகின்றனர். அதனுள் இருப்பது அவரது மண்டை ஓடு.

1815 மார்ச் 2 ஆம் திகதி, அருகிலுள்ள மகுல் மடுவ மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் முடியிழந்தான். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அம்மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். அவனுடைய ஆண் உறவினர்கள் எதிரிகளென அறிவிக்கப்பட்டனர். வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றித் திரும்பவும் தடை விதிக்கப்பட்டது. தென்னிந்தியரை ஆங்கிலேயர் அன்று அப்பெயராலேயே குறித்தனர். மலபார் கொடுங்கோன்மையிலிருந்து சிங்களவரை மீட்டதாகவும் சொல்லிக்கொண்டனர்.

மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மக்கள் செய்தது என்ன? 1817 இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் அரசனாக ஏற்றவர், நாயக்க அரச குலத்தவராகத் தம்மைக் கூறிக்கொண்ட 'துரைசாமி'. அவர் உண்மையில் முன்னாள் பிக்குவான வில்பாவே என்பது பின்னரே வெளிப்பட்டது. சிங்களவர் ஒருவர் மக்களைத் திரட்ட ஒரு தமிழ்ப் பெயரை ஏற்றார் என்பது நம் கவனத்துக்குரியது.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல, கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பினார். ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் ஊர்களை எரித்தன. நெல்லையும் கால்நடையையும் அழித்தன. போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் மாண்ட கண்டி மக்கள் சுமார் 10,000 பேர் என மதிப்பிட்டவர் ஆங்கிலேயப் படை மருத்துவர் ஹென்றி மார்ஷல்.

1818 நவம்பர் 26 அன்று போகம்பரையில் கெப்பெட்டிபொலவும் மடுகல்லவும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். கெப்பெட்டிபொலவின் மண்டை ஓட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனவரும் அதே மார்ஷல்தான். மண்டையின் அமைப்பில் குணத்தைத் தேடிய சங்கமொன்றில் அது காட்சிப்பொருளாயிற்று. சுதந்திரத்தின் பின்னர் தாயகம் திரும்பி, 1954 இல் இச்சின்னத்தில் அடங்கியது. அவர் உட்பட 19 தலைவர்களைத் துரோகிகளாக்கிய 1818 ஆம் ஆண்டுப் பிரகடனம் 2016 டிசெம்பரில்தான் இரத்தானது.

துரோகிப் பட்டம் நீங்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. ஆனால், கண்ணுசாமியையும் துரைசாமியையும் அந்நியராகவே காணும் பார்வை இன்னும் முற்றாக நீங்கவில்லை. அந்தப் பார்வைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது ஆங்கிலேயரின் ஒப்பந்தம். கெப்பெட்டிபொலவை நினைவுகூர்வோர், அவர் எந்தப் பெயரின் கீழ் போரிட்டார் என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.