டிரெய்லர் பின் கொக்கியில் இறங்க மறுக்கிறதா? சுத்தியலை எடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து டிரெய்லர் வளையத்தைக் கொக்கிக்குள் சரியாகக் கொண்டுவந்து விட்டீர்கள். பின்னைப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. சுத்தியலால் இரண்டு போடு போட்டால் இறங்கிவிடும் என்று தோன்றும். இறங்கியும் விடும். மாலையில் சுமை இறக்கிவிட்டு அதே பின்னைக் கழற்றும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. கீழிருந்து ஒருவர் அடிக்க, மேலிருந்து ஒருவர் இழுக்க, ஓட்டுநர் டிராக்டரை முன்னும் பின்னும் அசைக்க, இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் அது வீட்டுப் பையனாக இருக்கும்.

மணவாள நகர் சுற்றுவட்டாரத்தில் டிரெய்லருக்கு ஓய்வே கிடையாது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் மூட்டை ஏற்றுவது ஒரு பக்கம், திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோவது ஒரு பக்கம். இடையில் எரு, செங்கல், மணல், வைக்கோல். ஒரே டிரெய்லரை இரண்டு மூன்று டிராக்டர்களில் மாற்றி மாற்றி மாட்டுவதும் வழக்கம். ஒருவர் கொக்கிக்குச் செய்த பின் இன்னொருவர் கொக்கியில் சிக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பின் இறுக்கமாக இருந்தால் பிடிப்பு அதிகம், வண்டி கழலாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. டிரெய்லர் கழலாமல் காப்பது பின்னின் கனமும், அதன் அடியில் போடும் லாக் கிளிப்பும்தான், இறுக்கம் அல்ல. மாட்டு வண்டியில் நுகத்தடியை ஏர்க்காலோடு கயிற்றால் கட்டுவார்கள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கயிறு கொஞ்சம் நெகிழும். அந்த நெகிழ்வால்தான் வண்டி பள்ளத்தில் இறங்கும்போது மாட்டின் கழுத்து பிழைக்கிறது. கொக்கிக்கும் அப்படி ஓர் ஆட்டம் வேண்டும். வரப்பைத் தாண்டும்போது டிராக்டர் ஒரு பக்கம் சாயும், டிரெய்லர் மறுபக்கம் சாயும். வளையம் திரும்ப இடம் இல்லையென்றால் அந்த முறுக்கு முழுவதும் டிரெய்லர் மூக்குச் சட்டத்தின் வெல்டிங்கில்தான் போய் விழும். மூக்கில் அடிக்கடி விரிசல் விட்டு, அடிக்கடி பற்றவைக்கிறீர்கள் என்றால், பற்றவைத்தவர் மேல் குறை சொல்வதற்கு முன் கொக்கியைப் பாருங்கள்.

இறுக்கமா, பாரமா?

பின் சிக்குகிறது என்று சொல்லும் பல இடங்களில் பின்னிலும் துளையிலும் எந்தக் கோளாறும் இருக்காது. வண்டி சரிவில் நிற்கும். டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்கும். அந்த அழுத்தம் பின்னைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு டிரெய்லர் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டு, ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, டிராக்டரை ஒரு விரல் அளவு முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். பின் தானாக விடும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சுமை முன்பக்கம் அதிகமானால் மூக்கு கொக்கியைக் கீழே அழுத்தும். பின்பக்கம் அதிகமானால் மூக்கு மேலே தூக்கும். இரண்டு நிலையிலும் வளையம் கோணலாக நிற்பதால் பின் சிக்கும். மூக்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வளையத்தை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் பின்பாரம் உள்ள டிரெய்லரை மட்டும் சுமையோடு கழற்றவே கழற்றாதீர்கள். பின் வெளியே வந்த அடுத்த நொடி மூக்கு மேலே எகிறும். குனிந்து பின்னை உருவிக்கொண்டிருப்பவரின் தாடையிலோ நெஞ்சிலோ அடிக்கும். கரும்பு, வைக்கோல் போன்ற நீளச் சுமைகளில் இது சுலபமாக நடக்கக்கூடியது. முதலில் சுமையை இறக்குங்கள், அல்லது பின்பக்கச் சட்டத்துக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுங்கள்.

காலி வண்டியிலும் சிக்கினால்

சமதரையில், காலி டிரெய்லரில், பாரம் எதுவும் இல்லாதபோதும் பின் சிக்கினால் கோளாறு இரும்பில் இருக்கிறது. பின்னை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் வைத்துப் பாருங்கள். கை விரலால் தடவினாலே பாதி தெரிந்துவிடும்.

சுத்தியல் அடி வாங்கிய பின்னின் நுனி நசுங்கி, ஓரம் காளான் குடை மாதிரி விரிந்திருக்கும். உடம்பு சரியான அளவில் இருந்தாலும் அந்த விளிம்பு துளையில் நுழையாது. அரம் கொண்டு விளிம்பைச் சாய்வாக ராவிவிட்டால் வேலை முடிந்தது. அடிப்பதால் இறுக்கம் வருகிறது, இறுகியதால் மறுபடி அடிக்கிறோம். இப்படியே பல பின்கள் வீணாகின்றன.

பின் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, சிமெண்ட் தரையில் உருட்டிவிடுங்கள். நேரான பின் சீராக உருளும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். வளைந்த பின்னை நிமிர்த்த வேண்டாம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அதே இடத்தில் ஒடியும். அதைக் கழித்துவிடுங்கள்.

நீண்ட நாள் ஓடிய பின்னில், வளையம் உராயும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து இடுப்பு விழுந்திருக்கும். மேலும் கீழும் பழைய கனமே இருக்கும். இந்தப் படி வளையத்தில் மாட்டிக்கொண்டு கழற்றும்போது சிக்கும். இறுக்கம் என்று நாம் நினைப்பது உண்மையில் தேய்மானம். 30 மில்லிமீட்டர் பின் இடுப்பில் 27 ஆகிவிட்டால் என்னைக் கேட்டால் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பாரம் தாங்குவது குறுக்குப் பரப்பு. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

புது டிரெய்லர் என்றால் பெயிண்டைச் சந்தேகப்படுங்கள். வளையத்தின் உட்பக்கமும் சேர்த்து இரண்டு மூன்று பூச்சு அடித்திருப்பார்கள். துளைக்குள் இருக்கும் பெயிண்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். சமீபத்தில் மூக்கில் வெல்டிங் வேலை நடந்திருந்தால், தெறித்த வெல்டிங் மணிகள் துளைக்குள் ஒட்டியிருக்கும்; சூட்டில் வளையம் சற்றே கோணியும் இருக்கலாம். மணிகளை அரத்தால் எடுத்துவிடலாம். கோணலுக்கு லேத் பட்டறைதான்.

மாதக்கணக்கில் மழையில் நின்று துருப்பிடித்துச் சிக்கிய பின்னுக்கு, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து மேலும் கீழும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் மேல்நோக்கி அடிக்காமல், பைப் ரெஞ்ச் போட்டு இடமும் வலமுமாகத் திருப்புங்கள். திரும்ப ஆரம்பித்துவிட்டால் வந்துவிடும். அடித்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்து அடியுங்கள். கடினப்படுத்திய பின்னை இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். கேஸ் வைத்துச் சூடாக்கவே வேண்டாம். ஹைட்ராலிக் குழாய், டயர், டீசல் எல்லாம் ஒரு கை தூரத்தில் இருக்கின்றன.

அளந்து பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்

இங்கேதான் நம் ஊர் டிரெய்லர்களின் பெரிய சிக்கல் இருக்கிறது. டிராக்டர் கொக்கி கம்பெனியில் மில்லிமீட்டர் கணக்கில் வந்திருக்கும். டிரெய்லர் கட்டும் பட்டறையில் பலர் இன்னும் அங்குலத்தில்தான் பேசுவார்கள். ஒன்றேகால் அங்குலம் என்பது 31.75 மில்லிமீட்டர். அதற்கென்று போட்ட துளையில் 32 மில்லிமீட்டர் பின் போகாது. ஒன்றேகால்தானே என்று கேட்டு வாங்கி வந்திருப்பீர்கள். கால் மில்லிமீட்டரில் தகராறு.

வெர்னியர் இல்லை என்றால் கவலை வேண்டாம். பின்னைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, ஒட்டும் இடத்தில் கோடு போட்டு, விரித்து ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். வந்த அளவை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 100 மில்லிமீட்டர் என்றால் விட்டம் கிட்டத்தட்ட 31.8. பின்னை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்கவும். கொக்கியின் மேல் துளை, கீழ்த் துளை, டிரெய்லர் வளையம் மூன்றையும் தனித்தனியாக அளக்கவும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் குறுகிய பக்கத்தின் அளவுதான் கணக்கு.

சரியான பொருத்தத்துக்கு எளிய சோதனை: துளையின் மேல் வைத்துக் கையை விட்டால் பின் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும், ஒரு கையால் மேலே உருவ வேண்டும். கொக்கித் துளையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் போதும். வளையத்தில் அதைவிட அதிகமாகவே இருக்க வேண்டும்.

அளவு பொருந்தவில்லை என்று தெரிந்ததும் கிரைண்டரில் பின்னைத் தேய்த்து ஒல்லியாக்குவார்கள். 30-ஐ 25 ஆக்கினால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதற்குப் பதில் கொக்கிக்குச் சரியான அளவு பின்னை டிராக்டர் உதிரிபாகக் கடையில் வாங்கிவிட்டு, டிரெய்லர் வளையத்தை லேத்தில் தேவையான அளவுக்குக் கடைந்துகொள்வதே நல்லது. காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் இது போன்ற வேலைக்குப் பட்டறை தேடி அலைய வேண்டியதில்லை. போகும்போது பின்னையும் கையோடு எடுத்துப் போங்கள்; வாயால் சொன்ன அளவை நம்பி வேலை கொடுக்க வேண்டாம். கடைந்த பிறகு வளையத்தின் ஓரக் கனம் குறைந்துபோகும் என்று பட்டறைக்காரர் சொன்னால், கடையாதீர்கள், புது வளையம் போடுங்கள். டிராக்டர் கொக்கியின் துளையைக் கேஸ் கட்டரால் பெரிதாக்குவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை வெட்டிப் பின்னாகப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதன் வரிகள் துளையில் சிக்கும், ஆட்டத்தில் மேலேறி வெளியே வரும், அடியில் கிளிப் போட ஓட்டையும் இருக்காது. கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பின் பின்களும் டிரெய்லருக்கு உதவாது. கீழ்க் கைகளுக்கான பின் முதல் வகை டிராக்டரில் 22, இரண்டாம் வகையில் 28 மில்லிமீட்டர். டிரெய்லர் கொக்கிக்கு அவை ஒல்லி. மேல் இணைப்பில் டிரெய்லரைக் கட்டி இழுத்தாலோ டிராக்டர் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்துவிடும்.

பின் சரியாக இருந்தும் வளையம் கொக்கியின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இறுகுகிறதா? ரிவர்ஸில் கூர்மையாக ஒடித்தபோது தகடுகள் நெருங்கியிருக்கலாம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வாயிலும் உள்ளேயும் அளந்தால் தெரியும். கடப்பாரை போட்டு விரிப்பதும், உலையில் காய்ச்சி விரிப்பதும் வேண்டாம். வார்ப்பிரும்பாக இருந்தால் விரிசல் விடும். கடினப்படுத்திய இரும்பாக இருந்தால் வலு போகும். கொக்கியை மாற்றுவதுதான் வழி. செலவுதான், என்ன செய்வது.

ஜீப், பிக்கப் வண்டியில் இழுக்கும் சிறு டிரெய்லர்களில் பின்னுக்குப் பதில் உருண்டைக் குமிழ் இருக்கும். அதிலும் இதே அங்குலச் சண்டைதான். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர்; அமெரிக்க இரண்டு அங்குலம் 50.8. ஐம்பதுக்குச் செய்த கவ்வியை 50.8 குமிழில் அழுத்தி மாட்டினால் பூட்டு முழுதாக விழாது. அளவு பெரும்பாலும் குமிழின் மேலேயே பொறித்திருக்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தும் இறுகினால், சில கவ்விகளின் அடியில் சரிசெய்யும் நட் ஒன்று உண்டு; அதைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திப் பாருங்கள். நெம்புகோல் முழுதாகப் படுத்துப் பூட்ட வேண்டும், கவ்வியை மேலே தூக்கினால் குமிழை விட்டு வரக்கூடாது.

வேலை முடிந்ததும் மாட்டிப் பார்க்கும்போது அவசரம் வேண்டாம். உதவியாள் ஓட்டுநர் கண்ணில் படும்படி பக்கவாட்டில், எட்டி நிற்கட்டும். டிராக்டர் நின்று, நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை நிறுத்திய பிறகுதான் அவர் நடுவில் வரலாம். துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வண்டி அரை அங்குலம் நகர்ந்தால் விரல் துண்டாகும். விரலுக்குப் பதில் ஒரு குச்சியை விடுங்கள். பின் இறங்கியதும் அடியில் லாக் கிளிப் போட்டு, பாதுகாப்புச் சங்கிலியையும் மாட்டுங்கள்.

பிறகு காலி டிரெய்லரோடு மெதுவாக இடது பக்கம் முழுதாக, வலது பக்கம் முழுதாக ஒடித்துப் பாருங்கள். ஒரு சிறிய வரப்பையும் ஏறி இறங்குங்கள். கிறீச் சத்தம் வந்தாலோ, கொக்கியில் புதிதாக உராய்ந்த வெள்ளைத் தடம் தெரிந்தாலோ இன்னும் எங்கோ இடிக்கிறது என்று பொருள். தடம் விழுந்த இடம்தான் ராவ வேண்டிய இடம். கிரீஸ் லேசாகத் தடவினால் போதும்; மணல் ஒட்டிய பழைய கிரீஸை துணியால் துடைத்துவிட்டுத்தான் புதிது வைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே உப்புத்தாள் மாதிரி பின்னைத் தின்றுவிடும். முதல் சுமை ஏற்றி இறக்கிய அன்று மாலை, பின்னை ஒருமுறை கையால் உருவிப் பாருங்கள்.