ராஜபார்ட் பிறந்த கதை

பழனி மலை அடிவாரத்துக் கன்னிவாடி தொடங்கி மதுரை, புதுக்கோட்டை வரை, திருவிழாக் காலத்தில் ஒட்டும் நாடக நோட்டீஸைப் பாருங்கள். ‘வள்ளி திருமணம்’ என்று கொட்டை எழுத்து. கீழே நடிகர்களின் படங்கள். படத்தடியில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன். ராஜாவும் ஸ்திரீயும் வடமொழி வழி வந்தவர்கள். இந்தப் ‘பார்ட்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

இங்கிலாந்து நாடக மேடையிலிருந்து. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகருக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது. கையால் பிரதி எடுப்பது பெரும்பாடு. முழுப் பிரதி வெளியே போனால் போட்டிக் கம்பெனி அதை மேடையேற்றிவிடும் என்ற பயம் வேறு. அதனால் அவரவர் வசனத்தை மட்டும் தனியே எழுதிக் கொடுத்தார்கள். எதிரே நிற்பவர் பேச்சின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் அதில் இருக்கும். அது காதில் விழுந்ததும் இவர் பேச வேண்டும். அந்தத் துண்டுக்குத்தான் பார்ட் என்று பெயர். தாள்களை நீளமாக ஒட்டிச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். எட்வர்ட் ஆலன் என்ற நடிகர் 1590களில் வைத்திருந்த அப்படியொரு சுருள் லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அந்தத் தாளுக்கும் வேடத்துக்கும் அதே பெயர்தான் வழங்கியது.

நம்மூர் நாடகம் கம்பெனி, டிக்கெட், சீன் என்று மாறியபோது பார்ட்டும் கூடவே வந்து சேர்ந்தது. நாயகன் ராஜபார்ட், நாயகி ஸ்திரீபார்ட், கள்ளன் கள்ளபார்ட். வேடமே ஆளுக்குப் பட்டமாகி, ‘கள்ளபார்ட்’ நடராஜன் என்றால்தான் சினிமா ரசிகருக்கு ஆள் தெரிந்தது. 1973-இல் சிவாஜி ‘ராஜபார்ட் ரங்கதுரை’யாக வந்தார்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், வள்ளி வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேருகிறார்கள். மானைத் தேடி வந்ததாகச் சொல்லி, வேடனாக வரும் ராஜபார்ட் வள்ளியோடு தர்க்கத்தை ஆரம்பிப்பார். அவர் முடிக்கும் இடம் பார்த்து வள்ளி பதிலை எடுப்பார். விடியும்வரை நாடகம் இப்படியே போகும்.

பெயர் கொடுத்த இங்கிலாந்தில் இன்று முழுப் பிரதியோடு வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள். தன் பங்கை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு மேடையேறும் அந்தப் பழைய தொழில் நம் திருவிழாப் பந்தலில் இன்னும் பிழைத்திருக்கிறது. அடுத்த முறை நோட்டீஸைப் பார்த்தால், தர்க்கம் முடியும்வரையாவது உட்கார்ந்து பாருங்கள்.