ஷிம்பாஷியின் ஒற்றையறைகள்

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், வழக்கு நடத்த வரும் கிராமத்தார் அங்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென்றே பகுரோச்சோ வட்டாரத்தில் ‘குஜியாடோ’ என்ற விடுதிகள் நடந்தன. விடுதிக்காரர் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுப்பதோடு நிற்க மாட்டார். மனு எழுதித் தருவார், எந்த அலுவலகத்துக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்வார், தேவைப்பட்டால் கூடவே போவார். யாத்திரைக்கும் உல்லாசத்துக்கும் வருபவர்களுக்கு ஒரு விதமான இடம், காரியமாக வருபவருக்கு வேறொரு விதமான இடம் என்பது அந்த ஊருக்கு அப்போதே தெரிந்திருந்தது. இன்று பகுரோச்சோ மொத்த விலைத் துணிக்கடைகளின் பேட்டை. சுற்றிலும் நடுத்தர விலை ஓட்டல்கள். சரக்கெடுக்க வரும் வெளியூர் வியாபாரிகள் அங்கே தங்குகிறார்கள்.

மற்றப் பயணிகளுக்கு ‘ஹதாகோ’ என்னும் வழித்தங்கல் விடுதிகள் இருந்தன. எடோவிலிருந்து கியோத்தோவுக்குப் போன தொக்காய்தோ நெடுஞ்சாலையில் மட்டும் 53 தங்கல் ஊர்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வாடகையிலேயே அடக்கம். கூட்டம் மிகுந்தால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் படுக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் நடுவே காகிதக் கதவு, பூட்டு கிடையாது. ரயில் வந்த பிறகு விடுதிகள் நெடுஞ்சாலையை விட்டு ஸ்டேஷன் வாசலுக்கு இடம் மாறினவே தவிர, வழக்கம் மாறவில்லை. மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன விற்பனையாளர், 20ஆம் நூற்றாண்டிலும் பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டையைக் கேட்டபடிதான் தூங்கினார்.

ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872 அக்டோபரில் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே திறந்தது. 1914இல் டோக்கியோ ஸ்டேஷன் வந்ததும் ஷிம்பாஷி தலைமை நிலையம் என்ற பெருமையை இழந்தது. பழைய நிலையம் சரக்கு நிலையமாகி, பெயர் மட்டும் பக்கத்திலிருந்த சிறிய நிலையத்துக்குப் போனது. ஆனால் அலுவலகங்களும் உணவுக்கடைகளும் அங்கேதான் நெருங்கி வளர்ந்தன. சற்றுத் தள்ளி, 1890இலிருந்தே இம்பீரியல் ஓட்டல் நின்றது. வெளிநாட்டுப் பிரமுகர்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்குமானது அது. ஒசாக்காவிலிருந்து கணக்குக் காட்டவோ கொள்முதல் பேசவோ வந்த குமாஸ்தாவுக்கு அந்த வாசலில் வேலை இல்லை. பளிங்குக் கூடத்துக்கும் பொதுப் படுக்கைக்கும் நடுவில் அவருக்கென்று ஓர் இடமும் இல்லாதிருந்தது.

அந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர் கோபயாஷி இச்சிசோ. ஒசாக்கா வட்டாரத்தின் ஹான்கியூ ரயில் நிறுவனத்தை வளர்த்தவர். நடுத்தரக் குடும்பங்களின் வருமானத்தையும் ஆசையையும் இவ்வளவு பொறுமையாகப் படித்த இன்னொரு முதலாளியை அந்தத் தலைமுறையில் காண்பது அரிது. 1910இல் தன் ரயில் பாதை ஓரத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மாதச் சம்பளக்காரர்களுக்குத் தவணை முறையில் விற்றார். பாதையின் கடைசியில் 1914இல் தக்காரசுக்கா நாடகக் குழுவை அரங்கேற்றினார். 1929இல் ஒசாக்காவின் உமேடா ஸ்டேஷனிலேயே பல்பொருள் அங்காடி திறந்தார். காலையில் அலுவலகம் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நாடகத்துக்கும் கடைக்கும் போக அதே ரயிலில் ஏறுவார் என்பது அவர் கணக்கு. அந்த மனிதர் வெளியூர் வேலைக்குப் போகும்போது எங்கே தங்குவார் என்ற கேள்வி அடுத்து எழுந்தது இயல்பே.

அதற்கு விடையாக, 1938 ஏப்ரலில் ஷிம்பாஷி ஸ்டேஷன் அருகே தாய்-இச்சி ஓட்டல் திறந்தது. 626 அறைகள். ஆசியாவிலேயே பெரியது என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. 1940 ஒலிம்பிக் டோக்கியோவில் நடக்கவிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது. திறந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை, சீனாவோடு நடந்த போரைக் காரணம் காட்டி ஜப்பான் அந்தப் போட்டியைக் கைவிட்டது. ஆனால் ஓட்டலின் உண்மையான புதுமைக்கு ஒலிம்பிக் தேவைப்படவில்லை. ஒருவர் மட்டும் தங்கும் சிறிய அறைகளை வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கதவும் சாவியும் கொடுத்து, சம்பளக்காரர் கொடுக்கக்கூடிய வாடகையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப அறையின் அளவை முடிவு செய்தார்கள். சாப்பாடு வேண்டுமானால் சாப்பிடலாம். சாப்பிடாவிட்டால் காசு இல்லை. நேரத்துக்கு வந்து அடங்க வேண்டியதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாகத் தூங்குவது அதுவரை பணக்காரரின் உரிமையாக இருந்தது. அதைக் குமாஸ்தாவின் கைக்கெட்டும்படி செய்தது, எந்தப் பளிங்குத் தூணையும்விடப் பெரிய சாதனை.

போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவம் அந்த ஓட்டலைத் தன் அதிகாரிகளுக்காக எடுத்துக்கொண்டது. திரும்பக் கிடைக்கப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. எதிரே ஸ்டேஷனின் மேற்குப் பக்கத்தில் கறுப்புச் சந்தை பரவியது. அரிசி, சோப்பு, பழைய இராணுவக் கம்பளி, எது வேண்டுமானாலும் கிடைத்தது. 1954இல் அந்தப் பக்கத்திலிருந்த திடலில் வைத்த தெருத் தொலைக்காட்சியில் ரிக்கிதோசானின் மல்யுத்தத்தைப் பார்க்கச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். சந்தை இருந்த இடத்தில் 1971இல் நியூ ஷிம்பாஷி கட்டடம் எழுந்தது. மறு வருடம் முதல் ரயிலின் நூற்றாண்டு நினைவாக ஒரு நீராவி எஞ்சினைத் திடலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சம்பளக்காரர்களின் பேட்டை எது என்று டோக்கியோவில் யாரைக் கேட்டாலும் இன்றும் இந்தத் திடலைத்தான் காட்டுவார்கள்.

இதற்கிடையே ரயில் வேகம் கூடிக்கொண்டே போனது. 1930இல் ‘சுபாமே’ விரைவு ரயில் டோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்கு 8 மணி 20 நிமிடத்தில் போனது. 1958இல் ‘கொதாமா’ அதை ஏழு மணி நேரத்துக்குக் கீழே கொண்டுவந்தது. 1964 அக்டோபரில் ஷின்கான்சென் 4 மணி, அடுத்த வருடமே 3 மணி 10 நிமிடம். காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம் என்றால் ஓட்டல்களுக்கு என்ன வேலை என்று தோன்றும். நடந்ததோ நேர்மாறு. முன்பு வருடத்தில் ஓரிரு முறை ஆளனுப்பிய நிறுவனங்கள், பயணம் எளிதானதும் மாதந்தோறும் அனுப்பத் தொடங்கின. கிளை அலுவலகங்கள் பெருகின. ஓர் இரவு மட்டும், ஒரே ஆள் மட்டும் என்ற தங்கல் நாடெங்கும் பல மடங்கானது.

அறைக்குள் நடந்த பெரிய மாற்றம் குளியலறையில்தான். 1964 ஒலிம்பிக்குக்காக டோக்கியோவில் நியூ ஒட்டானி என்ற 17 மாடி ஓட்டலை அவசரமாகக் கட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள், ஒவ்வொன்றிலும் குளியலறை. கொத்தனாரும் குழாய்க்காரரும் ஓடு பதிப்பவரும் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து முடிப்பதென்றால் போட்டியே முடிந்துவிடும். பின்னாளில் தோத்தோ என்று பெயர் பெற்ற பீங்கான் நிறுவனம் வழி கண்டது. தொட்டி, சுவர், தரை எல்லாவற்றையும் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கில் தொழிற்சாலையிலேயே வார்த்து, கட்டடத்துக்குள் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். எடை குறைந்தது, நீர்க்கசிவுக்கான இணைப்புகள் குறைந்தன, நாட்கள் மிச்சமாயின. ஆடம்பர ஓட்டலின் அவசரத்துக்காகப் பிறந்த இந்த அச்சு வார்ப்புக் குளியலறைதான் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜப்பானின் மலிவு ஓட்டல்களைச் சாத்தியமாக்கியது. தாழ்வாரத்துக் கடைசியில் பொதுக் குளியலறை என்ற நிலை மாறி, பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் அறைக்குள்ளேயே கழிவறையும் தொட்டியும் அடங்கின.

பயணப்படியும் அறையின் அளவைத் தீர்மானித்தது. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நிறுவனம் ஒரு தொகை கொடுக்கும். அதற்கு மேல் போனால் ஊழியர் கையிலிருந்து போடவேண்டும். பல இடங்களில், குறைவாகச் செலவழித்தால் மிச்சம் அவருக்கே. ஓட்டல்காரர்கள் அந்தத் தொகைக்குக் கீழே வாடகையை வைத்துத்தான் கட்டில், மேசை, சன்னல் எல்லாவற்றையும் திட்டமிட்டார்கள். 1970களில் ஸ்டேஷன் வாசல்களில் இத்தகைய ஓட்டல்கள் சங்கிலி சங்கிலியாகப் பரவின. கால்சட்டையை மடிப்புக் கலையாமல் அழுத்தும் கருவி, தேநீர்ப் பையோடு வெந்நீர்க் கெண்டி, இரவில் உடுத்த யுகதா என்று தங்குபவரின் மறுநாள் காலையை முன்கூட்டி யோசித்த சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

சிறுமையின் எல்லை எது என்று சோதித்தவர் கட்டடக்கலைஞர் குரோகாவா கிஷோ. 1972இல் ஷிம்பாஷியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவருடைய நகாகின் கோபுரம் எழுந்தது. 140 கூடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர், வட்ட சன்னல். நகரில் வேலைக்காகத் தங்கும் மனிதருக்கென்று வடிவமைத்தவை. 1979இல் ஒசாக்காவின் உமேடாவில் அவரே வடிவமைத்த முதல் கேப்சூல் ஓட்டல் திறந்தது. கடைசி ரயிலைத் தவறவிட்டவர் படுத்து எழுவதற்கு ஆள் நீளப் பெட்டி, கதவுக்குப் பதில் திரை. சட்டம் அதை ஓட்டலாக ஏற்கவில்லை, எளிய தங்குமிடம் என்ற பிரிவில் சேர்த்தது. பூட்டு இல்லாமல் போன அந்தக் கணத்திலேயே 1938இல் கிடைத்தது கைவிட்டுப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

1986இல் டோக்கியோவின் தெற்கே கமாதாவில் தோயோகோ இன் என்ற ஓட்டல் நிறுவனம் தன் முதல் ஓட்டலைத் திறந்தது. வேலை வாய்ப்பில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கப் பழைய விடுதிகள் தயங்கின. அலுவல் நிமித்தம் ஊர் ஊராகப் போகத் தொடங்கிய பெண்களிடம் இந்த ஓட்டல்கள் கேள்வி கேட்கவில்லை. தோயோகோ இன் கிளை மேலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் வாடகையோடு சேர்ந்தே சோற்றுருண்டையும் மிசோ சூப்பும் கிடைத்தன. டோர்மி இன் என்ற இன்னொரு ஓட்டல் தொடர் பொதுக் குளியல் தொட்டியையும், இரவில் இலவசமாக ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸையும் கொண்டுவந்தது.

எல்லோருக்கும் ஒரே அளவு என்ற கணக்கில் சிலர் வெளியே நின்றார்கள். 2006 ஜனவரியில், யோகோஹாமாவிலிருந்த தோயோகோ இன் ஒன்றில், அரசு ஆய்வு முடிந்த பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான அறையையும் வாகன நிறுத்தத்தையும் மாற்றிவிட்டது வெளியே வந்தது. அந்நிறுவனத்தின் வேறு ஓட்டல்களிலும் விதிமீறல்கள் தெரிந்தன. நாடே கொதித்தது. கொதித்தது நியாயம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் மறுநாள் காலை கூட்டம் இருக்கிறது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட ஓட்டலில் ஒன்றாவது அவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதே அன்றைய விதி. 2019 செப்டம்பரிலிருந்து கட்டப்படும் பெரிய ஓட்டல்களில் அது மொத்த அறைகளில் 1 சதவீதமாக உயர்ந்தது.

ஷிம்பாஷியின் பழைய தாய்-இச்சி ஓட்டலை இடித்து, 1993இல் புதிய கோபுரம் கட்டினார்கள். அறைகள் விசாலமாயின, எண்ணிக்கை பழையதில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் நிலவிலையும் பங்குவிலையும் சரிந்த காலம் அது. 2000இல் நிறுவனம் கடன் தாளாமல் நீதிமன்றப் பாதுகாப்பைக் கேட்டது. அதைக் கைதூக்கிவிட்டது ஹான்கியூ குழுமம், கோபயாஷி வளர்த்த அதே ரயில் நிறுவனம். இன்றும் அந்த ஓட்டலை நடத்துவது அவர்கள்தான்.