போய்த் திரும்பும் தொலைவு

1895ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். லண்டன் நகரத்தார் அத்தகைய வண்டியில் ஏற 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1895இன் கடைசி நாளில், அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவருக்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை அமைத்து, சட்டத்தின் நடுவே மின்கலத்தைத் தொங்கவிட்ட சைக்கிள் ஒன்றை அவர் வரைந்து காட்டியிருந்தார். இன்று நம் தெருக்களில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே.

மின்சார மோட்டார் சைக்கிள் இந்த நூற்றாண்டின் புதுமை என்று எண்ணுகிறோம். உண்மையில் அதன் கருத்து பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்கு ஒத்த வயதுடையது. பின் ஏன் நூறாண்டுக்கு மேல் அது வரைபடத்திலேயே தங்கிவிட்டது? விடை சென்னை டிராமிலேயே இருக்கிறது. டிராம் தனக்கான மின்சாரத்தைச் சுமந்து செல்லவில்லை. தொடக்கத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே நிலத்தடிக் கால்வாயிலிருந்தும், பருவமழை அந்த ஏற்பாட்டைத் தோற்கடித்த பிறகு தலைக்கு மேலே சென்ற கம்பியிலிருந்தும் அதைப் பெற்றுக்கொண்டது. கம்பி போகாத இடத்துக்கு டிராம் போகாது. மோட்டார் சைக்கிளோ கம்பியில்லாத சாலைக்கென்றே பிறந்தது. தன் ஆற்றலைத் தானே சுமந்தாக வேண்டியது அதன் விதி.

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ ஈய-அமில பாட்டரியில் 30 முதல் 40 வாட்-மணி. பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் முக்கால் பங்கை வெப்பமாக வீணடிப்பது, மின்மோட்டார் பத்தில் ஒரு பங்கு அளவே இழப்பது ஆகியவற்றைக் கணக்கில் கொண்டாலும் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. மின்சார இருசக்கர வண்டியின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

தமிழகத்தில் இந்தக் கதையின் இரு பாதிகளும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்துக்கொண்டன. கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். உணவகத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் அதைப் பிரித்துப் பார்த்தார், மீண்டும் பூட்டினார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அவருக்கு அந்த வண்டியே பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோவையின் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. 1937இல் நாயுடுவும் து. பாலசுந்தரமும் சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைத் தயாரித்தார்கள். மோட்டார் சைக்கிளைப் பிரித்த கையே மின்மோட்டாரையும் கட்டியது. ஆனால் அந்த மோட்டார் சக்கரத்துக்குப் போகவில்லை; கிணற்றுக்குப் போயிற்று. நிலைத்து நிற்கும் பம்புசெட்டுக்குக் கம்பி போதும், பாட்டரி வேண்டாம். அதன் பின்னர் கோவை மோட்டாரும் சென்னை மோட்டார் சைக்கிளும் தத்தம் வழியில் வளர்ந்தன.

சென்னையின் வழி 1955இல் தொடங்கியது. எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 800 புல்லட்டுகளுக்கு ஆணை கொடுத்ததைத் தொடர்ந்து, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுப்பதே வேலை. 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகள் இங்கே விற்கப்பட்டன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. பூட்டுவதிலிருந்து படைப்பதற்கு ஏழே ஆண்டுகள். பின்னாளில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டபோது புல்லட் பிழைத்திருந்ததற்கு இந்த ஏழு ஆண்டுகளே காரணம்.

தொழிற்சாலைக்கு வெளியிலும் அந்த அறிவு பரவியது. லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள், எந்த வண்டியின் எந்த உறுப்பையும் தேடி எடுத்துவிடக்கூடிய புதுப்பேட்டை என ஒரு முழு உலகம் உருவானது. டேப்பெட்டின் ஓசையைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக், பெட்ரோல் வண்டி நம் ஊருக்குத் தந்த பெருங்கொடை.

பாட்டரியும் இங்கே மறக்கப்பட்டுவிடவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. அது திறக்கப்பட்டது 1953 ஜனவரி 14 அன்று. மூன்றே மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, நட்டத்தில் மூழ்கிய சென்னை டிராம் நின்றுபோனது. கம்பியில் ஓடிய வண்டி விடைபெற்ற ஆண்டில், கம்பியில்லாமல் ஓடத் தேவையான அறிவியலுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டிலிருந்து திருவொற்றியூர் தொழிற்சாலைக்கு நெடுங்காலம் பாதை எதுவும் அமையவில்லை.

இனி கேளம்பாக்கத்துக்கு வருவோம். பழைய மாமல்லபுரம் சாலையும், வண்டலூரிலிருந்து வரும் சாலையும், உப்பளங்களையும் கழிமுகத்தையும் ஒட்டிக் கோவளத்துக்குச் செல்லும் சாலையும் கூடும் ஊர் அது. சென்னையின் மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தின் பாதிவழி. மத்திய கைலாஷிலிருந்து கேளம்பாக்கம் ஏறக்குறைய 25 கி.மீ.; திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் இன்னும் அதே அளவு. மின்சார வண்டியின் வரலாற்றை அளக்க இதைவிடத் தோதான அளவுகோல் வேறில்லை.

2000களின் பிற்பகுதியில் இந்தியச் சந்தைக்கு வந்த மின்சார ஸ்கூட்டர்களை நினைத்துப் பார்ப்போம். கோவையில் ஹேமலதா அண்ணாமலை 2008இல் தொடங்கிய ஆம்பியர் அவற்றில் ஒன்று. அக்காலத்து வண்டிகள் பலவும் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் மிகாதவை, பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையற்றவை. 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி ஈய-அமில பாட்டரி என்றால் கையிருப்பு சுமார் ஒரு யூனிட் மின்சாரம். எடையோ 25 கிலோவுக்கு மேல். மெதுவாக ஓட்டினால் 40, 50 கி.மீ. ஓடும். அதாவது கேளம்பாக்கம் போய்விடலாம். திரும்பி வருவதுதான் சந்தேகம். சுமையோடு எதிர்க்காற்றும் சேர்ந்தால் சந்தேகமே இல்லை, தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். பாட்டரி கிழடாகக் கிழடாக இந்தத் தொலைவும் சுருங்கியது. மின்சார வண்டியை 'பொம்மை' என்று மக்கள் ஒதுக்கியதற்கு இந்த எளிய கணக்கே காரணம்.

கணக்கை மாற்றியது லித்தியம். 1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி மின்கலத்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது வீடியோ கேமரா போன்ற கையடக்கக் கருவிகளுக்காகத்தான். விலை இறங்கி அது வண்டிக்கு வந்துசேரச் சுமார் இருபதாண்டுகள் பிடித்தன. 2009 ஜூனில் மான் தீவில் மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கென முதல் பந்தயம் நடந்தது. ராப் பார்பர் ஓட்டி வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 140 கி.மீ. அதைக் களமிறக்கிய அக்னி நிறுவனம் குஜராத்தில் வேரூன்றியது. அந்த மோட்டாரை வடிவமைத்த ஆங்கிலேயர் செட்ரிக் லிஞ்ச், தொடக்க காலத்தில் சூப் டப்பாக்களின் தகரத்தை வெட்டித் தட்டையாக்கி மோட்டார் கட்டியவர். ஜி.டி. நாயுடு உயிரோடிருந்தால் அவரைத் தேடிப் போய்ப் பார்த்திருப்பார்.

தமிழகத்தில் இதன் பின் வேகம் கூடியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் ஏத்தரைத் தொடங்கினர். அதன் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. 2021இல் போச்சம்பள்ளி அருகே ஓலாவின் ஆலை எழுந்தது. கார்களுக்கான மின்னேற்று நிலையத்திலேயே மின்னேற்றிக்கொள்ளும் உயர் மின்னழுத்த மோட்டார் சைக்கிளைச் சென்னையின் ராப்டீ 2024இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ராயல் என்ஃபீல்டும், உலகப் போரில் பாரசூட் வழியே இறக்கப்பட்ட தன் சிறு வண்டியின் பெயரான 'ஃப்ளையிங் ஃப்ளீ'யை மின்சார வண்டிக்குச் சூட்டி மிலானில் காட்டியது. இன்று அதே எடைக்கும் குறைவான லித்தியம் பாட்டரியில் மூன்று யூனிட் அடங்குகிறது. மாமல்லபுரம் போய்த் திரும்பலாம்.

தொலைவு வென்றாகிவிட்டது. அறிவு வென்றதா என்பது வேறு கேள்வி. என்ஃபீல்டின் ஏழு ஆண்டுகளை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்கலத் தயாரிப்பு தொடங்கியிருக்கிறது என்றாலும், நம் வண்டிகளுக்கான கலங்களில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதியே. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, இந்தியாவில் மின்சார வண்டி உற்பத்தி தடுமாறியது. அருமண் தனிமங்கள் கொண்ட மோனசைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. மணலிலிருந்து காந்தம் வரையிலான படிகள்தான் நம்மிடம் போதுமான அளவில் இல்லை.

பட்டறையின் நிலை இன்னும் கவலைக்குரியது. கார்புரேட்டரைத் திறந்து பார்த்துக் கற்ற மெக்கானிக், முத்திரையிட்ட பாட்டரிப் பெட்டியின் முன்னும் கடவுச்சொல் கேட்கும் மென்பொருளின் முன்னும் கைகட்டி நிற்கிறார். திறந்துவிட்டால் போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அவ்வாண்டின் தொடர் தீ விபத்துகளுக்குப் பின் பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அது சரியே. லித்தியம் கலம், தப்பாகத் தொட்டால் மன்னிக்காத பொருள்.

ஆகவே பிரித்துப் பார்ப்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பாட்டரி மேலாண்மைச் சுற்றுகளைப் பற்றிய பாடம், காரைக்குடி ஆய்வகத்துக்கும் தெருமுனைப் பட்டறைக்கும் இடையே ஒரு பாதை, பழுதுபார்க்கும் கையேடுகளை நிறுவனங்கள் வெளியிட்டாக வேண்டிய சட்டக் கடமை ஆகிய மூன்றும் பெரிய கனவுகளல்ல. 1957இல் கருவிகள் கைமாறியதைப் போன்ற ஒரு கைமாற்றம், அவ்வளவே. அது நடக்காவிட்டால், பழுதான வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஊரில் ஆளிருக்காது. பெட்டியை மாற்றிக் கொடுக்கும் முகவர் மட்டுமே இருப்பார். நாயுடு ரட்ஜை வாங்கிய காலத்தில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். அவரைப் போலப் பிரித்துப் பார்த்தவர்களால்தான் நமக்கு ஒரு தொழில் கிடைத்தது.